மூன்றாம் மாடி வீட்டுச் சன்னல்கள்: ஊர்ப் போக்கா, நம் விருப்பமா?

மூன்றாம்மாடி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பர்மாவின் யங்கோன் நகரின் நடுவே, அனவ்ரதா சாலையை ஒட்டி, எண்ணையே பெயராகக் கொண்ட தெரு ஒன்றில், மூன்றாம் மாடியில் எங்கள் வீடு இருக்கிறது. 12 அடி அகலம், 50 அடி நீளம் என்று சொன்னால் இந்நகரத்தவருக்கு மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. தாத்தா காலத்திலிருந்து நாங்கள் குடியிருக்கும் வீடு. வரும் தை மாதம் தங்கையின் திருமணம் என்பதால், அதற்குள் வீட்டைச் சீர்செய்துவிடலாம் என்று ஒரு மேஸ்திரியை அழைத்துக் காட்டினோம். அவர் வீட்டைப் பார்த்த நேரத்தைவிடத் தம் கைப்பேசியில் எங்களுக்குப் படம் காட்டிய நேரம்தான் அதிகம். சாம்பல் நிறத் தரை, ஜிப்சம் பலகையால் தாழ்த்திய வெள்ளைக் கூரை, அதன் ஓரத்தில் விளக்கு தெரியாமல் வெளிச்சம் மட்டும் கசியும் கோடு, ஒரு சுவரில் மட்டும் மரச்சட்டங்கள், தெருப்பக்கம் முழுவதும் அலுமினியச் சட்டத்தில் கண்ணாடி.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பிடித்திருந்தது. கொழுந்தனார் சென்ற ஆண்டு குடிபுகுந்த அடுக்குமாடி வீடும் இப்படித்தான் இருக்கிறது. ஆனால் அந்த மாதத்தில் நான் போய்வந்த மூன்று புதுமனைகளில் எந்தக் கூடம் யாருடையது என்று இரவில் படுத்துக்கொண்டு நினைத்துப் பார்த்தபோது எனக்குப் பிரித்தறிய முடியவில்லை. எங்கள் வீட்டின் தெருப்பக்கத்தில், சாய்ந்த சட்டங்கள் அடுக்கிய பழைய மரச் சன்னல்கள் நான்கு ஜோடி இருக்கின்றன. அவற்றைக் கழற்றி எடுத்துக்கொண்டு போவதற்கே மேஸ்திரி விலையில் கொஞ்சம் குறைத்துத் தருவதாகச் சொல்கிறார் என்பது வேறு எனக்கு உறுத்துகிறது.

தங்கையின் உடையிலும் இதே சிக்கல்தான். முகூர்த்தத்துக்குக் காஞ்சிபுரம் புடவை என்பதில் பேச்சில்லை. மாலை வரவேற்புக்கு அவள் அச்செய்க் தமெய்ன், அதாவது பர்மியப் பெண்கள் இடுப்பில் சுற்றிக்கட்டும் அலைக்கோட்டுத் துணி, உடுத்த வேண்டும் என்கிறாள். அம்மாவோ, ஊரெல்லாம் உடுத்துவதால் கேட்கிறாள் என்கிறார். நான் இங்கே கேட்க விரும்புவது ஒன்றுதான். ஒன்று நமக்குப் பிடித்திருக்கிறது என்றால், அது நமக்கே பிடித்ததா, பல இடங்களில் பார்த்துப் பழகியதால் பிடித்துப்போனதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

புதுக்குடில் எழுதியது:

அக்கா, இந்தக் கேள்வியில் ஊர்ப் போக்கைப் பின்பற்றுகிறவர்களுக்குச் சொந்தப் புத்தி இல்லை என்ற தீர்ப்பு முன்கூட்டியே ஒளிந்திருக்கிறது. அதை நான் ஏற்கவில்லை. நான் வளர்ந்த வீட்டில் எல்லாச் சுவர்களும் வெளிர் பச்சை. காரணம் அழகு அன்று. அப்பாவுக்குத் தெரிந்த ஒரு கடையில் பெரிய வாளியாக அந்த நிறம் மலிவாகக் கிடைத்தது. கூடத்தின் கண்ணாடி அலமாரியில் யாரும் குடிக்காத தேநீர்க் கோப்பைகள் இருந்தன. அவை என் விருப்பமா? வீட்டில் எதையாவது மாற்றலாமா என்று கேட்டால், "இருப்பதற்கு என்ன குறை?" என்ற ஒரே பதில்தான் வரும்.

இப்போது எனக்கென்று ஓர் அறையும் ஒரு சமையல் மேடையும் வந்தபோது, எப்படி அமைப்பது என்று எனக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்? கொரியத் தொடர்களும் கைப்பேசியில் வந்த படங்களும்தான். அவற்றைப் பார்த்துத்தான், தரையோடு ஒட்டிய கட்டில் என்று ஒன்று உண்டு, சுவரை வெறுமையாகவும் விடலாம் என்று அறிந்தேன். எழுதப் பழகும் குழந்தை அச்செழுத்தைப் பார்த்துத்தான் எழுதுகிறது. அதைத் திருட்டு என்று யாரும் சொல்வதில்லை. சொந்த ரசனை என்று பெருமைப்படுகிறவர்கள் பெரும்பாலும் அதைத் தாத்தாவிடமிருந்து சொத்தாகப் பெற்றவர்கள். சொத்தில்லாதவன் சந்தையில்தான் வாங்க வேண்டும்.

தறிமுனை எழுதியது:

நான் தெயின்ஜி சந்தையில் துணிக்கடை வைத்து 31 ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் பெரியவர்கள் அதைச் சூரத்திக் கடைவீதி என்றே கடைசிவரை சொன்னார்கள். தம்பி சொன்னதில் பாதி எனக்கு உடன்பாடு. மறுபாதியைச் சந்தைக்காரனாகவே மறுக்கிறேன்.

போக்கு என்பது தானாக வீசும் காற்று என்று வாங்குபவர்கள் நினைக்கிறார்கள். எங்களுக்கு அது சரக்குப் பட்டியல். தண்ணீர்த் திருவிழாவுக்கும் விளக்குத் திருவிழாவுக்கும் பல மாதங்களுக்கு முன்பே, எந்த நிறம் எத்தனை கட்டு என்று பேசி முடித்துவிடுவோம். அதற்கும் மேலே பார்த்தால், பாண்டோன் என்ற அமெரிக்க நிறுவனம் 2000ஆம் ஆண்டிலிருந்து ஆண்டுக்கு ஒரு நிறம் என்று அறிவித்து வருகிறது. முதலாவது ஒருவகை வான்நீலம். 2025க்கு மோக்கா மூஸ் என்று பெயரிட்ட ஒரு பழுப்பு. அந்த ஆண்டில் ஓர் இளம்பெண் கைப்பேசியில் அந்தப் பழுப்பைக் காட்டி, "இந்தப் புது நிறம் இருக்கிறதா?" என்று கேட்டார். நான் பின்கட்டிலிருந்து, பின்னி என்று இங்கே சொல்லும் கைநெசவுத் துணி ஒன்றை எடுத்து விரித்தேன். அந்தக் கைநெசவுப் பழுப்பைத்தான் 1920களில் இந்த நாட்டின் தேசியவாதிகள் அந்நியத் துணிக்கு எதிராக உடுத்தினார்கள். காந்தியடிகள் 1929இல் இங்கு வந்து கதரைப் பற்றிப் பேசியபோது கேட்டவர்களுக்கு அது புதிய செய்தியாக இருந்திருக்காது. வந்தவர் துணியைத் தடவிப் பார்த்துவிட்டு, நிறம் சரிதான், ஆனால் பழசாகத் தெரிகிறது என்று சொல்லிப் போய்விட்டார்.

அச்செய்க் பற்றிச் சொல்ல வேண்டும். தறியில் நெய்யும் அச்செய்க்கை லூன்தயா என்பார்கள், நூறு நாடா என்று பொருள். குறுக்கு நூலைக் கொண்டுபோக ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி நாடா. அலைபோல் ஓடும் அந்தக் கோட்டின் ஒவ்வொரு வளைவிலும் நாடாக்களைக் கையால் கோத்து மாற்ற வேண்டும். ஒரே தறியில் இரண்டு பெண்கள் அருகருகே உட்கார்ந்து, ஒரு நாள் முழுவதும் நெய்தாலும் துணி சில அங்குலங்கள்தான் நகரும். அதே அலைக்கோட்டைச் சீனாவிலும் இந்தியாவிலும் இயந்திரத்தில் அச்சடித்துக் கட்டுக்கட்டாக அனுப்புகிறார்கள். நானும் விற்கிறேன், மறைக்கவில்லை. ஊரெல்லாம் உடுத்துவது என்று அம்மா சொல்வது இந்த அச்சுத் துணியை. தறித்துணியை ஊரெல்லாம் உடுத்தவே முடியாது, அவ்வளவு துணி நாட்டில் இல்லை. தங்கை எதைக் கேட்கிறார் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். துணியைத் திருப்பிப் பாருங்கள். அச்சுத் துணியின் பின்பக்கம் வெளிறியிருக்கும். தறித்துணியின் பின்பக்கத்தில் நிறம் மாறும் இடமெல்லாம் நூல் முனைகள் தெரியும்.

பச்சைத்தமெய்ன் எழுதியது:

நான் மௌல்மேன் பக்கத்தில் அரசுப் பள்ளி ஆசிரியை. வாரத்தில் ஐந்து நாள் பச்சைத் தமெய்னும் வெள்ளை மேற்சட்டையும் என்பது சட்டம். என் விருப்பத்தையும் ஊர்ப் போக்கையும் யாரும் கேட்பதில்லை. ஆயினும் எங்கள் ஆசிரியர் அறையில் பதினான்கு பெண்களையும் முதுகுப்புறமாகப் பார்த்தே யார் யார் என்று சொல்லிவிடுவேன். ஒருவர் நடுவில் பொத்தான் வைத்த யின்ஸி மட்டும்தான் தைப்பார். இன்னொருவர் பக்கவாட்டில் மூடும் யின்போன் தவிர வேறு தொடமாட்டார். ஒருவர் வெல்வெட் வார் வைத்த செருப்பின் நிறத்தைப் பருவத்துக்குப் பருவம் மாற்றுவார். தமெய்னின் இடுப்பில் தைக்கும் கறுப்புப் பட்டையை நான் இரண்டு விரல் கூடுதல் அகலமாக வைத்துக்கொள்கிறேன். மேற்சட்டை மறைத்துவிடுவதால் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரிகிறது, உட்கார்ந்து எழும்போது இடுப்பில் நழுவாமல் நிற்கிறது.

எல்லாவற்றையும் பிறர் முடிவுசெய்த பிறகு மிஞ்சும் இரண்டு விரல் இடத்தில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று பாருங்கள் என்பதே மூன்றாம்மாடி அக்காவின் கேள்விக்கு என் பதில்.

உளிச்சத்தம் எழுதியது:

ரசனை பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை, நான் தச்சன். அம்மா, அந்தச் சன்னல்களை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். விலையைக் குறைத்துத் தருகிறேன் என்று ஒருவர் கேட்டாலே அது பல மடங்கு விலை பெறும் பொருள் என்று வைத்துக்கொள்ளலாம்.

பழைய தேக்கு இப்போது தோட்டத்தில் வளர்த்து வெட்டும் தேக்கு அன்று. காட்டில் மெதுவாக வளர்ந்த மரத்தின் வளையங்கள் நெருக்கமாக இருக்கும். மரத்துக்குள்ளேயே எண்ணெய் இருப்பதால் கரையான் எளிதில் அண்டாது. மழையில் நனைந்து வெயிலில் காய்ந்தாலும் அதிகம் முறுக்கிக்கொள்ளாது. மணல் போன்ற ஒரு சத்தும் அதில் இருப்பதால் இழைப்புளி சீக்கிரம் மழுங்கும். சாணைக்கல்லைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் அந்த மரத்தில் கைவைப்போம். இதற்கு எதிராக, இப்போது அலமாரிகளுக்குப் போடும் எம்டிஎஃப் என்பது மரத்தை நாராக்கிப் பசை போட்டு அழுத்திய பலகை. காய்ந்த ஊருக்கு அது பொருந்தும். ஜூன் முதல் அக்டோபர் வரை சுவரே வியர்க்கும் இந்த நகரத்தில், ஓரத்தில் ஒட்டிய பட்டை ஒரு முறை பிரிந்துவிட்டால் அது ரொட்டி ஊறுவதுபோல் ஊறிவிடும்.

சாய்சட்டச் சன்னல் வெயிலையும் சாரலையும் தடுத்துக் காற்றை உள்ளே விடுவதற்காகச் செய்யப்பட்டது. கண்ணாடி வைத்து அடைத்தால் குளிர்சாதனம் வேண்டும், குளிர்சாதனத்துக்கு மின்சாரம் வேண்டும். ஏப்ரல் மாதப் பகலில் மின்சாரம் எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குப் போகிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தாழ்த்திய கூரைக்கும் இதே கணக்குத்தான். உயரமான கூரையின் அடியில் வெப்பம் மேலே ஏறி நிற்க இடம் இருக்கிறது. இரண்டடி தாழ்த்தினால் அது உங்கள் தலைக்கு மேலேயே நிற்கும்.

ஒரு வேலை செய்யுங்கள். சன்னலின் கீழ்மூலையில், யார் கண்ணிலும் படாத இடத்தில், உள்ளங்கை அளவுக்கு வண்ணத்தைச் சுரண்டிப் பாருங்கள். சட்டத்தில் ஓரிடம், நிலையில் ஓரிடம். நிலை கருஞ்சிவப்பாகவும் தூக்க முடியாத கனமாகவும் இருந்தால் அது தேக்கு அன்று. இங்கே பியின்கடோ என்றும் நம் ஊர்ப்பக்கம் இருள் என்றும் சொல்லும் மரம். எத்தனை வண்ணப் பூச்சுகள் இருக்கின்றன என்றும் எண்ணுங்கள்.

மூன்றாம்மாடி எழுதியது:

ஐயா சொன்னபடி சுரண்டினேன். அரைமணி நேரத்தில் முடியும் என்று தொடங்கிய வேலை, ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் விழுங்கிவிட்டது.

மேலே இருப்பது கரும்பச்சை, அப்பா அடித்தது. அதன் கீழே பாலேடு போன்ற ஒரு வெள்ளை. அதற்கும் கீழே வானநீலம், அது தடிமனாக இருந்தது. இரண்டு முறை அடித்திருப்பார்கள். அதன் கீழே செம்பழுப்பில் ஒரு மெல்லிய பூச்சு, பிறகு மரம். சட்டங்கள் தேன் நிறம். நிலை நீங்கள் சொன்னதுபோல் கருஞ்சிவப்பு, சுரண்டிய கத்தியின் முனை மடங்கியது. ஆக, எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகத் தேக்குச் சன்னல் என்று பெருமைப்பட்டதில் பாதி தேக்கே இல்லை.

அதோடு நிற்கவில்லை. கூடத்தின் மூலையில் பிளாஸ்டிக் விரிப்பைத் தூக்கினேன். பூ வடிவம் அச்சிட்ட அந்த விரிப்பு நான் பள்ளிக்குப் போகும்போது வந்தது. அன்று தெருவில் எல்லா வீடுகளிலும் அதே விரிப்பு, அம்மா அதற்காக ஒரு மாதம் அப்பாவிடம் சண்டையிட்டார். அதன் கீழே சிவப்புச் சாந்துத் தரை. அந்தச் சாந்து ஓரிடத்தில் பெயர்ந்து, அடியில் கறுப்பும் மஞ்சளும் கலந்த பழைய சிமென்ட் ஓடுகள் எட்டிப் பார்க்கின்றன.

எந்தத் தரை எங்கள் குடும்பத்தின் தரை என்று இப்போது எனக்குக் குழப்பம் கூடியிருக்கிறது. பழையதைக் காப்பாற்ற வேண்டும் என்றால் எந்தப் பழையதை?

காரைக்குடிவழி எழுதியது:

அந்த ஓடுகளின் படத்தைப் பார்க்க ஆவலாக இருக்கிறது. நான் பெகுவில் பிறந்து வளர்ந்தவன். உறவுமுறையில் செட்டிநாட்டுக்கு இரண்டு முறை போய்வந்திருக்கிறேன். கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டின் முகப்பில் நின்றபோது, உடன் வந்தவர் தூண்களைத் தட்டிக்காட்டி, "எல்லாம் உங்கள் ஊர் மரம்" என்றார். பர்மா தேக்கு அங்கே ஒரு மரத்தின் பெயர் மட்டும் அன்று, ஒரு காலத்தின் அந்தஸ்து. அந்த வீட்டில் இத்தாலியச் சலவைக்கல், பெல்ஜியக் கண்ணாடி, ஜப்பானிலிருந்து கப்பலில் வந்த வண்ண ஓடு என்று அந்நாளில் உலகத்தில் எதெல்லாம் போக்காக இருந்ததோ அத்தனையும் இருந்தது. இன்று நாம் பாரம்பரியம் என்று கைகூப்பும் வீடு, கட்டிய நாளில் ஊர்ப் போக்கின் உச்சியில் இருந்த வீடு. பக்கத்து வீட்டுக்காரர் பத்துத் தூண் வைத்தால் இவர் பன்னிரண்டு வைத்திருப்பார்.

அந்தச் செல்வம் எங்கிருந்து போனது என்பதையும் இங்கே இருக்கும் நாம் மறக்கலாகாது. 1930களின் பெருமந்தத்தில் நெல்விலை வீழ்ந்து உழவர்களால் கடனைக் கட்ட முடியாமல் போனபோது, கீழ்ப் பர்மாவின் நெல்வயல்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, கடன் கொடுத்திருந்த செட்டியார்களின் கைக்கு வந்தது. அதன் கசப்பை அனுபவித்தவர்கள் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய நம் பாட்டன்மார்களும்தான். ஆகவே அந்தத் தூண்களை நான் அழகு என்று பார்க்கும்போதே ஒரு சங்கடமும் கூடவே வருகிறது. இது தலைப்பிலிருந்து சற்று விலகிய பேச்சு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டுக்கு வருகிறேன். ஆத்தங்குடியில் இன்றும் கண்ணாடித் தகட்டின் மீது அச்சுச் சட்டம் வைத்து, வண்ணக் குழம்பைக் கரண்டியால் ஊற்றி, மேலே மணலும் சிமென்டும் இட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள். கண்ணாடியின் வழவழப்பே ஓட்டின் வழவழப்பாகிறது; சூளையில் சுடுவதில்லை. ஒரு தலைமுறைக்கு முன் அந்தத் தரையைப் பெயர்த்தெறிந்துவிட்டுப் பளபளக்கும் பீங்கான் ஓடு போட்டார்கள். இப்போது சென்னையிலும் பெங்களூரிலும் புதிதாகத் திறக்கும் காப்பிக்கடைகளில் ஆத்தங்குடி ஓடுதான் போக்கு. காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெரு நெடுகப் பிரித்த வீடுகளின் தூணும் கதவும் சாய்த்து வைத்திருக்கின்றன. விடுதிகளுக்கு வாங்கிப் போகிறார்கள். அங்கே ஒரு கடையில் சாய்சட்டச் சன்னல் ஒன்றைப் பார்த்தேன். அடியில் வானநீலம் தெரிந்தது.

இன்னொன்று. பதப்படுத்தாத மரக்கட்டைகளை ஏற்றுமதி செய்வதை 2014 ஏப்ரல் முதல் இந்நாட்டில் தடைசெய்துவிட்டார்கள். புது மரம் போவது சுருங்கச் சுருங்க, இப்படிக் கழற்றிய பழைய மரத்தின் மதிப்பு ஏறுகிறது. உங்கள் மேஸ்திரிக்கு இது தெரிந்திருக்கும்.

புதுக்குடில் எழுதியது:

அப்படியானால் நான் முதலில் சொன்னதற்கே எல்லோரும் வந்து சேர்ந்திருக்கிறீர்கள்! நான்கு வண்ணமும் நான்கு காலத்தின் போக்கு. அடிமரம் மட்டும்தான் யாருடைய ரசனையும் இல்லை.

ஆனால் உளிச்சத்தம் அண்ணன் எழுதியதைப் படித்த பிறகு ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. என் சமையல் மேடையின் கீழே இருக்கும் அலமாரிக் கதவுகள் முதல் மழைக்காலத்திலேயே உப்பிவிட்டன. இப்போது ஒன்றை மூட வேண்டுமானால் முழங்காலால் உதைக்க வேண்டும். வாங்கிய கடையில் கேட்டால், தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறார்கள். சமையலறையில்! மின்சாரம் போகும் இரவுகளில் கண்ணாடிச் சன்னலில் ஒரு முழம் அளவுக்கு மட்டுமே திறக்க முடிகிறது என்பதால், பாயை எடுத்துக்கொண்டு வாசற்கதவைத் திறந்துவைத்து அங்கே படுக்கிறேன். படத்தில் அந்தப் பாய் இருக்காது.

இருந்தாலும் சாம்பல் நிறத் தரையை விட்டுத்தர மாட்டேன். அதன் மீது காலையில் வெறுங்காலோடு நடக்கும்போது எனக்கு என் வீடு என்ற எண்ணம் வருகிறது. கொரியாவிலிருந்து வந்திருந்தால் என்ன?

பச்சைத்தமெய்ன் எழுதியது:

இடையில் ஒருவர் தனிச்செய்தியில், தமிழர் வீட்டுத் திருமணத்தில் தமெய்ன் உடுத்துவது நம் பாரம்பரியத்துக்கு இழுக்கு என்று எழுதியிருந்தார். அவருக்குப் பதிலை இங்கேயே எழுதிவிடுகிறேன். இந்நாட்டு ஆண்கள் ஆங்கிலேயர் காலத்துக்கு முன் உடுத்திய பாஸோ என்ற இடுப்புத் துணி பல முழம் நீளமானது; இப்போதைய சுருக்கமான லுங்கி பரவியது ஆங்கிலேயர் ஆட்சியில், அதில் நம் கடற்கரைத் துணிகளுக்கும் பங்குண்டு. மெல்லிய மேற்சட்டை உடுத்திய பெண்களை 1920களில் தெருவில் வழிமறித்து ஏசினார்கள். அந்நியத் துணி, அந்நிய மோகம் என்பதுதான் குற்றச்சாட்டு. அன்று கண்டிக்கப்பட்ட அந்த மெல்லிய சட்டையைத்தான் இன்று பழைய படங்களைப் பார்த்துத் தூய பாரம்பரியம் என்று தைத்துக்கொள்கிறார்கள். யார் எதை உடுத்தினாலும் கண்டிக்க ஒருவர் வந்துவிடுகிறார், ஆதலால் தங்கை அவருக்குப் பிடித்ததை உடுத்தட்டும்.

தறிமுனை எழுதியது:

ஆசிரியை சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். சாயம் நிற்காத மதராஸ் கட்டம் போட்ட துணியை 1950களின் இறுதியில் அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். துவைத்ததும் நிறம் ஒன்றோடொன்று கலந்தது. விற்றவர்கள் பயந்துபோய், பிறகு சாயம் ஓடுவது உறுதி என்று அதையே விளம்பரமாக்கினார்கள். ஒவ்வொரு முறை துவைக்கும்போதும் புதுச் சட்டை என்றார்கள். அங்கே அது பெரும்போக்கானது. அதே குறை உள்ள கைலியை என் கடைக்கு ஒருவர் திருப்பிக் கொண்டுவந்து கேட்ட கேள்விகளை நான் இங்கே எழுத முடியாது.

தங்கைக்குத் தறித்துணி என்று முடிவானால் இப்போதே சொல்லுங்கள். 2025 மார்ச் 28 நிலநடுக்கத்தில் அச்செய்க் நெய்யும் அமரபுரத்துத் தறிக்காரர்கள் பலருடைய வீடும் தறியும் ஒன்றாகவே போயின, ஏனென்றால் தறி வீட்டுக்குள்தான் இருக்கும். கேட்டவுடன் கிடைக்காது, மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வந்த பிறகு, இடுப்பில் கொக்கி வைத்து உடம்போடு ஒட்டத் தைக்கும் இப்போதைய முறைக்காக அதை வெட்ட வேண்டாம். வெட்டினால் அந்த ஒரு மாலைக்குத்தான் ஆகும். மடித்துச் செருகினால் அவர் மகளுக்கும் ஆகும். அந்த மகளுக்குப் பிடிக்குமா என்பது வேறு கேள்வி.

மூன்றாம்மாடி எழுதியது:

எழுதி இரண்டு மாதங்கள் ஆகிவிட்டன, பலர் என்ன ஆயிற்று என்று கேட்டிருக்கிறீர்கள்.

மேஸ்திரியை மாற்றிவிட்டோம். கூரையைத் தாழ்த்தவில்லை. சாந்தைப் பெயர்த்ததில் முன்கூடத்து ஓடுகள் பெரும்பாலும் முழுதாகக் கிடைத்தன. பின்பாதியில் தண்ணீர்க் குழாய் போட்டபோது யாரோ உடைத்திருக்கிறார்கள். பழைய ஓடுபோல் புதிதாகச் செய்து தருகிறேன் என்று ஒருவர் வந்தார். பொய்ப் பழமை எனக்குப் பிடிக்கவில்லை. ஆகவே பின்பாதிக்குச் சாம்பல் நிறத் தரைதான் போட்டிருக்கிறோம், புதுக்குடில் தம்பி மகிழ்ச்சி அடையலாம். வீட்டுக்குள் நடக்கும்போது கறுப்பு மஞ்சள் முடிந்து சாம்பல் தொடங்கும் இடத்தில் ஒரு கோடு தெரிகிறது. பார்க்கிறவர்கள், பணம் தீர்ந்துவிட்டதா என்று கேட்கிறார்கள்.

சன்னலில் முடிவை எடுக்க வைத்தது ரசனையே அன்று, கயிறு. எங்கள் வீட்டிலிருந்து தெருவரை ஒரு கயிறு தொங்குகிறது. கீழ்முனையில் கவ்வி, மேல்முனையில் மணி. பத்திரிகையும் காலைப் பலகாரமும் அதில்தான் ஏறிவருகின்றன. முழங்கால் வலியால் படியிறங்க முடியாத அம்மாவுக்குத் தெருவோடு இருக்கும் உறவே அந்தக் கயிறுதான். கண்ணாடி வைத்து அடைத்தால் கயிற்றை எங்கே விடுவது என்று அம்மா கேட்டதற்கு எந்தக் கைப்பேசிப் படத்திலும் பதில் இல்லை.

தங்கை தறித்துணியே கேட்கிறாள். அவளைக் கேட்டபோது, தோழிகள் உடுத்துவதால் முதலில் ஆசை வந்தது உண்மை என்றும், தறிமுனை ஐயா சொன்னபடி கடையில் துணியைத் திருப்பிப் பார்த்த பிறகு அச்சுத் துணி மீது கண் போகவில்லை என்றும் சொன்னாள். சொல்லியாயிற்று, தையில் வந்து சேரும் என்று நம்புகிறோம்.

இப்போது மிஞ்சியிருப்பது ஒரு சண்டை. வண்ணத்தை எல்லாம் நீக்கி, மரத்தை மரமாகவே விட்டு எண்ணெய் பூச வேண்டும் என்று நான் சொன்னேன். இதுவே என் சொந்த விருப்பம் என்று நெஞ்சைத் தொட்டு நம்பினேன். தங்கை தன் கைப்பேசியை நீட்டினாள். வெறும் மரம், வெறும் மரம் என்று வரிசையாகப் படங்கள், எல்லாம் இந்த ஆண்டுப் போக்கு. நான் பேசாமல் இருந்தேன். அம்மா மட்டும் எந்தப் படத்தையும் பார்க்காமல், பச்சைதான் வேண்டும் என்கிறார். அப்பா ஏணியில் நின்று அந்தப் பச்சையை அடித்தபோது ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர். மூன்று ஜோடியை மரமாக விட்டுவிட்டு, அம்மா உட்காரும் நாற்காலிக்கு எதிரே உள்ள ஒரு ஜோடியை மட்டும் பச்சையாக்குவதென்று இறங்கி வந்திருக்கிறோம். கயிறும் அந்தச் சன்னலில்தான்.

உளிச்சத்தம் ஐயா, அந்தப் பச்சை எந்தக் கடை அட்டையிலும் இல்லை. இரண்டு முறை கலந்து பார்த்தார்கள். ஒன்று பாசியாகவும் ஒன்று பள்ளிக்கூடப் பச்சையாகவும் வந்துவிட்டது. என்ன செய்யலாம்?

உளிச்சத்தம் எழுதியது:

வெயில் பட்ட இடத்துப் பச்சையைக் காட்டியிருப்பீர்கள், அது வெளுத்தது. கீல் தகட்டைக் கழற்றினால் அதன் அடியில் அன்றைய பச்சை அப்படியே இருக்கும். தகட்டோடு கொடுத்தனுப்புங்கள்; அந்தப் பக்கம் வரும் பையனிடம் சொல்லி வைக்கிறேன், கயிற்றை இறக்குங்கள்.